பிரிட்டனில் அடையாள அட்டைக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

2025 செப்டம்பர் 26 அன்று பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒரு திட்டத்தை அறிவித்தார். பிரிட்டனில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும், அங்கு வேலை செய்யும் உரிமை தமக்கு உண்டு என்பதைக் கைப்பேசியில் இருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டையைக் காட்டி நிறுவ வேண்டும். அப்போதைய நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் இது கட்டாயமாகிவிடும் என்றார் அவர். அதை எதிர்க்கும் மனுவில் சில நாட்களுக்குள்ளேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியும், குடியேறிகளின் உரிமைகளுக்காகப் பேசும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் ஒரே திட்டத்தை ஒரே வாரத்தில் எதிர்த்தன.

குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் என்று அடுக்கி வைத்துக்கொண்டு வாழும் நமக்கு இந்தக் கொந்தளிப்பு விளங்காமல் போவது இயல்பு. பாஸ்போர்ட்டும் ஓட்டுநர் உரிமமும் வைத்திருக்கும், வங்கிக்கும் கைப்பேசி நிறுவனத்துக்கும் தம் விவரங்கள் அனைத்தையும் கொடுத்துவிட்ட ஒரு சமூகம், இன்னோர் அட்டைக்கு ஏன் இப்படி அஞ்ச வேண்டும்? இதற்கு விடை தேட, தனிமனித சுதந்திரத்தை முதன்மையாகக் கருதும் அந்நாட்டின் தாராளவாத (லிபரல்) மரபில் அரசுக்கும் தனிமனிதருக்கும் உள்ள உறவு எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, அந்த வாதம் அடிப்படையில் சரியானது என்பதும், அதைச் சொல்லி வந்தவர்கள் யாருக்காக அதைச் சொன்னார்கள் என்பதில் நீண்டகாலமாக ஒரு பெரிய குறை இருக்கிறது என்பதும் சேர்ந்தே புலப்படும்.

பிரிட்டிஷ் மக்கள் கட்டாய அட்டையை அறியாதவர்கள் அல்லர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் 1939இல் தேசியப் பதிவுச் சட்டம் வந்தது. செப்டம்பர் 29 அன்று வீடுவீடாகக் கணக்கெடுத்து, 4 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பதிவுசெய்து அட்டை வழங்கினார்கள். படைக்கு ஆள் சேர்ப்பது, நாட்டின் பாதுகாப்பு, உணவுப் பங்கீடு ஆகிய மூன்று தேவைகளே அப்போது காரணமாகச் சொல்லப்பட்டன. போர் 1945இல் முடிந்தது, அட்டை முடியவில்லை. 1950ஆம் ஆண்டளவில் அதைப் பயன்படுத்திய அரசு அமைப்புகளின் எண்ணிக்கை 39 ஆகியிருந்தது. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை தன் மையப் பதிவேட்டையே இந்தப் போர்க்காலப் பதிவின் மீதுதான் கட்டியது. அஞ்சலகத்தில் பொதியைப் பெற்றுக்கொள்வதற்கும், சாலையில் காவலர் நிறுத்தும்போதும் அட்டையை எடுத்து நீட்டும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. இந்த மாற்றத்துக்காகப் புதிதாகச் சட்டம் எதுவும் பெரிய விவாதத்தோடு நிறைவேற்றப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அட்டை கையில் இருந்தது. ஆகவே ஒவ்வோர் அலுவலகமாக அதைக் கேட்கத் தொடங்கியது.

1950 டிசம்பர் 7 அன்று வடக்கு லண்டனின் ஃபிஞ்ச்லி பகுதியில் கிளாரன்ஸ் ஹென்ரி வில்காக் என்பவரின் காரை, வேகமாக ஓட்டியதாகக் கூறி ஹெரால்ட் மக்கிள் என்ற காவலர் நிறுத்தி, அடையாள அட்டையைக் கேட்டார். வில்காக் ஓர் உலர்சலவை நிறுவனத்தின் மேலாளர். இன்றைய லிபரல் டெமாக்ரட் கட்சியின் முன்னோடியான லிபரல் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டவர். அவர் அட்டையைக் காட்ட மறுத்தார். "நான் ஒரு லிபரல், இந்த மாதிரி விஷயங்களுக்கு நான் எதிரானவன்" என்று அவர் காரணம் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1951 ஜூனில் 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரித்து, சட்டம் இன்னும் நடைமுறையில் இருப்பதால் வில்காக் குற்றவாளியே என்று தீர்ப்பளித்தது. ஆனால் தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு தீர்ப்போடு நிற்கவில்லை. போருக்காக இயற்றிய சட்டத்தைப் போர் முடிந்தபின் வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவது, சட்டத்தை மதித்து நடக்கும் மக்களைச் சட்டத்தை மீறுகிறவர்களாக மாற்றிவிடும் என்றும், காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையிலான நல்லுறவைக் கெடுக்கும் என்றும் அவர் கண்டித்தார். சர்ச்சிலின் புதிய அரசு 1952 பிப்ரவரியில் அட்டையைக் கைவிட்டது. வழக்கில் தோற்ற ஒருவர் தம் நோக்கத்தில் வென்ற அரிய நிகழ்வு இது. இன்றும் பிரிட்டிஷ் தாராளவாதிகள் அடையாள அட்டையைப் பற்றி எழுதும்போது வில்காக்கின் பெயரைச் சொல்லாமல் விடுவது அரிது.

அவர்களுடைய வாதத்தின் மையத்தில் மூன்று கருத்துகள் பின்னியிருக்கின்றன. பிரிட்டிஷ் பொதுச்சட்ட மரபில் சட்டம் தடுக்காத எதையும் ஒருவர் செய்யலாம். தாம் யார் என்பதையும் ஏன் அங்கே நிற்கிறோம் என்பதையும் காரணமின்றி அரசுக்கு விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தன் அதிகாரத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியது அரசுதான். கட்டாய அட்டை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது என்பது முதல் கருத்து. ஒரு தேவைக்காகத் திரட்டிய தகவல் வேறு தேவைகளுக்கு நகர்ந்துகொண்டே போகும் என்பது இரண்டாவது. மூன்றிலிருந்து முப்பத்தொன்பதாகப் பெருகிய வரலாறே அதற்குச் சான்று. ஓரிடத்தில் குவிக்கப்படும் தகவல் ஒருநாள் கசியும் அல்லது தவறாகும் என்பதும், அந்தத் தவறின் விலையை அதிகாரி அல்லாமல் குடிமக்களே கொடுக்க நேரும் என்பதும் மூன்றாவது.

டோனி பிளேரின் ஆட்சிக்காலத்தில் இந்த மூன்றும் மீண்டும் சோதனைக்கு வந்தன. 2002இல் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் முதலில் முன்வைத்தபோது அதற்கு 'உரிமை பெறும் அட்டை' என்ற பொருள்பட ஒரு பெயர் இருந்தது. அரசு உதவிகளை மோசடியாகப் பெறுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பிறகு பயங்கரவாதம், சட்டவிரோதக் குடியேற்றம், அடையாளத் திருட்டு என்று முன்னிறுத்தப்பட்ட காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அட்டை இருந்திருந்தாலும் அத்தாக்குதலைத் தடுத்திருக்க முடியாது என்று அப்போதைய உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க்கே ஒப்புக்கொண்டார். தீர்வை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற பிரச்சினையை அரசு தேடிக்கொண்டிருக்கிறது என்ற ஐயம் அப்போதுதான் வலுப்பெற்றது. அது நியாயமான ஐயம் என்றே நான் நினைக்கிறேன். 2006இல் நிறைவேறிய சட்டம் அட்டையைவிட அதன் பின்னால் இருந்த தேசிய அடையாளப் பதிவேட்டையே பெரிதாகக் கருதியது. ஏறத்தாழ 50 வகைத் தகவல்கள், விரல்ரேகை, அட்டை சரிபார்க்கப்பட்ட ஒவ்வொரு தருணத்தின் பதிவு ஆகியவை அதில் சேர இருந்தன. முகவரி மாறியதைத் தெரிவிக்கத் தவறினால் 1,000 பவுண்டு வரை தண்டம் உண்டு.

2007 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்வு எந்தக் கட்டுரையும் செய்ய முடியாத வேலையைச் செய்தது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களில் உள்ள 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளை வருவாய்த் துறை அஞ்சலில் அனுப்பித் தொலைத்துவிட்டதாக நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் மக்களவையில் அறிவித்தார். அதுவரை தத்துவமாகத் தெரிந்த மூன்றாவது கருத்து, குழந்தை உள்ள எல்லா வீடுகளிலும் பேசப்படும் செய்தியாயிற்று. லிபரல் டெமாக்ரட் தலைவராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த நிக் கிளெக், சட்டம் கட்டாயப்படுத்தினாலும் தாம் பதிவுசெய்யப் போவதில்லை என்று அந்த ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். 2009 முடிவில் மான்செஸ்டரில் 30 பவுண்டுக்கு விருப்ப அட்டைகள் விற்பனைக்கு வந்தன. சுமார் 15,000 பேர் மட்டுமே வாங்கினார்கள். 2010இல் கன்சர்வேட்டிவ்களும் லிபரல் டெமாக்ரட்டுகளும் சேர்ந்து அமைத்த கூட்டணி அரசு நாடாளுமன்றத்தில் முதலில் கொண்டுவந்த மசோதாவே அட்டையை ஒழிக்கும் மசோதாதான். பதிவேட்டின் வன்தட்டுகள் 2011 பிப்ரவரியில் நொறுக்கி அழிக்கப்பட்டன.

தாராளவாதச் செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் இந்த வரலாறு பெரும்பாலும் இங்கே ஒரு வெற்றியோடு முடிகிறது. உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2010இல் அட்டையை ஒழித்த அதே கூட்டணி, 2014இல் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆவணமில்லாதோரின் அன்றாட வாழ்வைக் கடினமாக்குவதற்காக உள்துறை அமைச்சர் தெரசா மே வகுத்த 'பகைமைச் சூழல்' கொள்கையின் முக்கியக் கருவி அது. அதன்படி, வாடகைக்கு வீடு விடுகிறவர் வருபவரின் குடியேற்ற நிலையைச் சோதிக்க வேண்டும். 2014 டிசம்பரில் மேற்கு மிட்லண்ட்ஸின் சில பகுதிகளில் தொடங்கி, 2016 பிப்ரவரியில் இந்தக் கடமை இங்கிலாந்து முழுவதற்கும் விரிந்தது. வேலை கொடுப்பவர் ஆவணத்தைச் சோதிக்க வேண்டும் என்ற விதி 1990களின் இறுதியிலிருந்தே உள்ளது. இன்று அதை மீறினால் ஒரு தொழிலாளிக்கு முதல்முறை 45,000 பவுண்டு வரை, மறுமுறை 60,000 பவுண்டு வரை தண்டம். வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் இந்தச் சோதனை வலையில் சேர்க்கப்பட்டன. சாலையில் காவலர் கேட்டால் காட்ட வேண்டிய அட்டை இல்லை என்று மகிழ்ந்த நாட்டில், வீட்டு உரிமையாளரும் முதலாளியும் வங்கி எழுத்தரும் காவலரின் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அச்சட்டத்துக்கு லிபரல் டெமாக்ரட் தலைமை ஒத்துழைத்தது. அக்கட்சியின் சாரா டீத்தர் போன்ற சிலர் இந்தப் போக்கை வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர் 2013இலேயே அடுத்த தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தபோது, குடியேற்றத்தில் தம் கட்சி எடுத்த நிலைப்பாட்டையும் காரணமாகச் சொன்னார்.

இதன் விளைவு 2018இல் வின்ட்ரஷ் விவகாரமாக வெடித்தது. 1948இல் டில்பரி துறைமுகத்துக்கு வந்த 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலின் பெயரால் அழைக்கப்படும் அந்தத் தலைமுறையினர், 1973க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் சட்டப்படி வந்து குடியேறியவர்கள். அவர்களில் பலரிடம் ஆவணம் இல்லை. அன்று யாரும் கேட்கவில்லை, சட்டமும் கோரவில்லை. ஓய்வுபெறும் வயதில் திடீரென்று, பிரிட்டனில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அவர்களின் வருகையைக் காட்டியிருக்கக்கூடிய பழைய தரையிறங்கல் அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்துவிட்டிருந்தது. பலர் வேலை இழந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டார்கள், சிலர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு நாடு கடத்தவும்பட்டார்கள். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் அந்த ஏப்ரலில் பதவி விலகினார்.

அடையாள அட்டையை ஆதரிப்பவர்கள் இதையே தம் வலுவான வாதமாகக் காட்டுகிறார்கள்: எல்லோருக்கும் அட்டை இருந்திருந்தால் அந்த முதியவர்கள் இப்படி அலைந்திருக்க மாட்டார்களே. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. ஆனால் அட்டையைப் பெறுவதற்கே முதலில் ஆவணம் வேண்டும். சான்று இல்லாதவர் பதிவு அலுவலகத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். வித்தியாசம், அவருடைய துன்பம் 2018க்குப் பதிலாகச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும் என்பது மட்டும்தான். சந்தேகம் வந்தால் நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதில்தான் அநீதி இருந்தது.

இந்த இடத்தில் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் தாராளவாதத்தின் தலையாய சிந்தனையாளரான ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி 1859இல் அவர் வெளியிட்ட நூல், அந்தக் கோட்பாடு 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. லண்டனில் ஆவணமின்றி நடமாடுவது பிறப்புரிமையாகக் கொண்டாடப்பட்ட அதே காலத்தில், மனிதர்களை விரல்ரேகையால் அடையாளம் காணும் முறை வங்காளத்தில் செம்மைப்படுத்தப்பட்டது. அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகளின் உழைப்பில் உருவான வகைப்பாடு, வங்காளக் காவல்துறையின் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்ரியின் பெயரில் வழங்கியது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் அமைந்து, 1901இல்தான் அது ஸ்காட்லாந்து யார்டுக்குப் போயிற்று.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் இன்னும் தெளிவான சான்று. அங்குள்ள ஆசியர் அனைவரும் பத்து விரல்களின் ரேகையையும் கொடுத்துப் பதிவுசெய்துகொண்டு, எப்போது கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று 1906இல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. காந்தி லண்டனுக்குத் தூது சென்றார். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது லிபரல் கட்சி. அரசு முதலில் ஒப்புதலை நிறுத்தி வைத்தது. ஆனால் 1907இல் டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி கிடைத்து, வெள்ளையர் மட்டுமே வாக்களித்த சட்டமன்றம் அதே சட்டத்தை மீண்டும் இயற்றியபோது, அதே லிபரல் அரசு தடுக்கவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் இந்தியர்கள் தம் பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்டார்கள். அந்தப் போராட்டத்தில் தம்பி நாயுடு போன்ற தமிழ்ச் சமூகத்தினர் முன்னணியில் நின்றார்கள். மீண்டும் மீண்டும் சிறை சென்றவர்களில் தமிழர்களின் பங்கு மிகப் பெரிது. வில்காக்குக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, அவர் சொன்ன அதே கொள்கைக்காக, பேரரசின் மறுகோடியில் சிறுவணிகர்களும் தலைச்சுமை வியாபாரிகளும் சிறைப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் தாராளவாதிகள் தம் முன்னோரின் வரிசையில் வில்காக்கை வைப்பதுபோல அவர்களையும் வைத்திருந்தால், 2014இன் சட்டத்தை அடையாளம் கண்டுகொள்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

டிஜிட்டல் அட்டைக்கு ஆதரவாகத் தாராளவாதிகளுக்குள்ளேயே இன்று சிலர் பேசுகிறார்கள். அவர்கள் காட்டுவது எஸ்டோனியாவை. 2002 முதல் அட்டை வழங்கிவரும் அந்நாட்டில் எல்லாத் தகவலும் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை; தம் விவரத்தை எந்த அதிகாரி எப்போது பார்த்தார் என்பதைக் குடிமக்கள் தாமே திறந்து பார்க்கலாம். 2017இல் அட்டைகளின் சில்லில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, சுமார் 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டிருப்பதை அரசு மறைக்காமல் அறிவித்துச் சரிசெய்தது. நான் இதை மதிக்கத்தக்க வாதமாகவே கருதுகிறேன். அரசு நம்மைப் பார்ப்பதை நாமும் பார்க்க முடியுமானால், முதல் கருத்தில் சொன்ன அந்த வரிசை பெருமளவு மீட்கப்படுகிறது. ஆனால் ஸ்டார்மர் 2025 அக்டோபரில் மும்பைக்குச் சென்றபோது பாராட்டியது ஆதாரை. ஆதாருக்குத் திட்டத்தில் சொன்ன எல்லைக்கும் நடைமுறையில் அது விரிந்த எல்லைக்கும் உள்ள தூரத்தை, 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்குவதைத் தடுக்க வேண்டியிருந்ததிலிருந்தே அறியலாம்.

சட்டவிரோத வேலையைத் தடுக்க அட்டை உதவும் என்ற காரணமும் வலுவற்றது. சோதனை நடத்தும் கடமை முதலாளிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆவணமே கேட்காமல் ரொக்கக் கூலிக்கு ஆள் வைப்பவர், புதிய அட்டை வந்தாலும் அதைக் கேட்கப் போவதில்லை. சட்டத்தை மதிக்கும் முதலாளிக்கும் உரிமையுள்ள தொழிலாளிக்கும்தான் கூடுதல் சுமை.

பிரிட்டனில் கட்டாய டிஜிட்டல் அடையாளம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது என்பதை இந்த விவாதம் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த குடியேறிகளுக்கு 2008 இறுதியிலிருந்தே விரல்ரேகையும் முகப்படமும் பதிந்த உயிரளவை அட்டை படிப்படியாகக் கட்டாயமானது. 2010இல் குடிமக்களின் அட்டை ஒழிக்கப்பட்டபோது அது மட்டும் தப்பியது. இப்போது அந்த அட்டையின் இடத்தை, இணையத்தில் மட்டுமே இருக்கும் பதிவான இ-விசா எடுத்துக்கொண்டது. கென்ட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணோ, லெஸ்டரில் படிக்கும் ஒரு மாணவரோ வீடு மாறவோ வேலை மாறவோ விரும்பினால், அரசு இணையதளத்தில் நுழைந்து, எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்பது குறிகள் கொண்ட, 90 நாள் செல்லுபடியாகும் 'ஷேர் கோடு' ஒன்றை உருவாக்கி எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். இணையதளம் அன்று இயங்காவிட்டாலோ, பழைய பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு சிக்கிக்கொண்டாலோ, தாம் சட்டப்படி வாழ்பவர் என்பதைக் காட்ட அவர் கையில் எதுவும் இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின் இதே நிலைக்கு வந்த ஐரோப்பியக் குடிமக்களுக்காக, லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஓட்ஸ் பிரபு 2020இல் பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. சபை அதை ஏற்றது. அரசு மக்களவையில் அதைத் தோற்கடித்தது. அட்டையை எதிர்க்கும் கட்சிக்காரர் ஒருவர் அட்டைக்காக வாதாடியதில் முரண்பாடு எதுவும் இல்லை. கையில் இருக்கும் அட்டை வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது; திரையில் மட்டும் தெரியும் தகுதி, அதைத் திரையில் காட்டும் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிரிட்டிஷ் தாராளவாதம் தன் கொள்கையை வெளியாருக்கும் முழுமையாகப் பொருத்திப் பார்த்த ஓர் அரிய தருணம் அது.

வீட்டு வாடகைச் சோதனையைப் பற்றி லண்டன் உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. அந்தத் திட்டத்தினால், பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள்கூடத் தோலின் நிறத்தாலும் பெயராலும் வீடு மறுக்கப்படுகிறார்கள் என்றும், ஆகவே அது மனித உரிமைக்கு எதிரானது என்றும் நீதிமன்றம் கூறியது. தண்டத்துக்கு அஞ்சும் வீட்டு உரிமையாளர், பாஸ்போர்ட் இல்லாத வெள்ளையரை நம்பி ஏற்பதும், மற்றவரை ஏன் வம்பு என்று விலக்குவதும் மனித இயல்புதான். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாகுபாடு நடப்பதை ஏற்றுக்கொண்டு, ஆனால் அரசின் நோக்கத்துக்காக அது நியாயப்படுத்தத்தக்கதே என்று கூறித் திட்டத்தை நிலைக்கவிட்டது.

2026 ஜனவரியில் ஸ்டார்மர் அரசு பின்வாங்கியது. வேலைக்கான சோதனை மின்னணு முறையில் நடக்கும், ஆனால் அதற்குப் புதிய டிஜிட்டல் அட்டையே வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது என்ற முடிவு வெளியானது. தாராளவாத எழுத்தாளர்கள் இதைக் கொண்டாடுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. 1952, 2010 ஆண்டுகளின் வரிசையில் மூன்றாவது முறையாக அவர்களுடைய வாதம் வென்றிருக்கிறது. ஆயினும் வாடகைச் சோதனையும், முதலாளிகளுக்கான 45,000 பவுண்டு தண்டமும், குடியேறிகளின் இ-விசாவும் அந்த ஜனவரிக்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. அவற்றை நீக்கவோ திருத்தவோ கோரி 20 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு எதுவும் இதுவரை நாடாளுமன்றத்துக்கு வரவில்லை.